கரிசல் ஊர்களின் குடிநீர் தெரியும் மலைமுனை

கோவில்பட்டிப் பக்கத்துக் கடம்பூரில் நின்று எந்தப் பக்கம் திரும்பினாலும் பார்வைக்குத் தடை கிடையாது. மழை பெய்தால் பசையாக ஒட்டும், வெயில் ஏறினால் பாளம் பாளமாக வெடிக்கும் கரிசல் மண். அதில் உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் கம்பும் பருத்தியும். தூரத்தில் கயத்தாறு காற்றாலைகள். உயரம் என்று சொல்லிக்கொள்ளப் பக்கத்தில் குருமலையும், கொஞ்சம் தள்ளிக் கழுகுமலைப் பாறையும் உண்டு. கழுகுமலையில் ஏறி சமணச் சிற்பங்களையும், பாறையை மேலிருந்து குடைந்து செதுக்கிய வெட்டுவான் கோவிலையும் பார்த்துவிட்டுத் திரும்பினால், கீழே மீண்டும் அதே சமவெளிதான். ஐப்பசி மழை ஓய்ந்து வானம் கழுவிவிட்ட காலைகளில் மட்டும் மேற்கே ஒரு நீலக்கோடு தெரியும். அது பொதிகை மலைத்தொடர்.

அந்த நீலக்கோட்டின் மேல், திருநெல்வேலி மாவட்டத்துக் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள், குதிரைவெட்டி என்றொரு காட்சிமுனை இருக்கிறது. மணிமுத்தாறு சோதனைச்சாவடியைத் தாண்டி, அருவியைக் கடந்து, மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து என்று எஸ்டேட் எஸ்டேட்டாக ஏறிக்கொண்டே போனால் கடைசியில் வருவது. கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கும் மேலே. பாதை அங்கே முடிகிறது. மலையும் அங்கே சட்டென்று முடிகிறது. காலடியில் செங்குத்தான சரிவு. அதற்குக் கீழே தரையே தெரியாத அளவுக்கு அடர்ந்த காடு.

கரிசல் ஊர்களிலிருந்து குற்றாலத்துக்குப் போகிறவர்கள் ஏராளம். ஆடி அமாவாசைக்குப் பாபநாசமும் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலும் நிரம்பி வழியும். அந்தக் கூட்டத்தில் கோவில்பட்டிப் பக்கத்துக் குடும்பங்களும் இருக்கும். குதிரைவெட்டிக்குப் போகிறவர்கள் ஒப்பிட்டால் மிகக் குறைவு. ஆனால் கடம்பூர்க்காரர் ஒருவர் வாழ்நாளில் ஒரே ஒரு மலைக்காட்சியைத்தான் பார்க்கலாம் என்று விதி இருந்தால், அது கொடைக்கானலாகவோ ஊட்டியாகவோ இருக்க வேண்டியதில்லை. குதிரைவெட்டியாக இருக்கட்டும். அழகு அதற்கு ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணங்கள் இரண்டு உண்டு. ஒன்று தண்ணீர். இன்னொன்று, 1919-ல் சென்னையில் வெடித்த ஒரு துப்பாக்கி.

முதலில் தண்ணீர்.

முனையில் நின்று பார்த்தால் மலைமடிப்புகளுக்குள் விரல் விரலாகப் புகுந்து கிடக்கும் நீர்ப்பரப்பு தெரிகிறது. அது காரையாறு என்று மக்கள் சொல்லும் பாபநாசம் அணை. அதற்குப் பக்கத்தில் சேர்வலாறு. மலையடிவாரத்தில் விரிந்து கிடப்பது மணிமுத்தாறு. மூன்று அணைகளையும் ஒரே இடத்திலிருந்து பார்க்க முடிகிற முனை இது. திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் காலையில் பத்திரிகையைப் பிரித்ததும் அணை நீர்மட்டம் பார்க்கிற பழக்கம் பல வீடுகளில் உண்டு. பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி என்ற முழுக் கொள்ளளவு உயரங்கள் இங்குள்ள விவசாயிகளுக்கு மனப்பாடம். அந்த எண்களுக்குப் பின்னால் இருக்கிற உருவத்தைப் பார்க்கக் குதிரைவெட்டிக்குத்தான் வர வேண்டும்.

பாபநாசம் அணை வெள்ளைக்காரர் காலத்தில், 1940-களில் பயன்பாட்டுக்கு வந்தது. அதன் நீர்மின் நிலையம் 1944-ல் ஓடத் தொடங்கியது. மணிமுத்தாறு அணை காமராஜர் ஆட்சியில் 1950-களின் இறுதியில் முடிந்தது. வீணாகக் கடலுக்குப் போகிற வெள்ளத்தைப் பிடித்து, ஆற்றுப்பாசனம் எட்டாத வறண்ட காடுகளுக்குக் கால்வாய் வழியே கொண்டுபோவதுதான் அதன் நோக்கம். சேர்வலாறு 1980-களில் வந்தது. இந்த மூன்று தேக்கங்களுக்கும் தண்ணீர் கொடுப்பது கண்ணுக்கு எதிரே கிடக்கும் காடுதான். பொதிகை உச்சியில் பிறக்கும் தாமிரபரணி பாணதீர்த்த அருவியாக விழுந்து காரையாறு அணைக்குள் நுழைகிறது. வழியில் பேயாறு, உள்ளாறு, பாம்பாறு என்று பெயருள்ள ஓடைகளும் பெயரே இல்லாத நூற்றுக்கணக்கான ஓடைகளும் சேர்கின்றன. பொதிகையின் அந்த அகத்தியமலை உச்சி கடல்மட்டத்திலிருந்து 1,868 மீட்டர். அங்கிருந்து புன்னக்காயல் கடல் வரை ஆற்றின் நீளம் சுமார் 128 கிலோமீட்டர். மலையில் பிறந்து அதே மாநிலத்துக்குள்ளேயே கடலில் கலக்கும் ஆறு. ஆகவே இதில் பக்கத்து மாநிலத்தோடு வழக்கு இல்லை. இந்தத் தண்ணீருக்கு என்ன ஆனாலும் பொறுப்பு முழுக்க இங்கே இருப்பவர்களுடையது.

இந்த ஆற்றின் ஓரத்தில் கடம்பூர் இல்லை. கோவில்பட்டியும் இல்லை. ஆனாலும் கோவில்பட்டியின் குடிநீர் தாமிரபரணியில்தான் பிறக்கிறது. சிற்றாறு வந்து கலக்கும் சீவலப்பேரியில் ஆற்றுப் படுகையிலிருந்து எடுத்து, குழாயில் ஏற்றி, கரிசல்காட்டைக் கடந்து கொண்டுவருகிறார்கள். அருப்புக்கோட்டை வரைக்கும் இந்த ஆற்றுத் தண்ணீர் குழாயில் போகிறது. உவர்ப்பேறிய கிணறுகளும், கோடையில் சேறாகிவிடும் ஊருணிகளுமே கதியாக இருந்த ஊர்கள் இவை. வாரக்கணக்கில் இடைவெளி விட்டுத்தான் குழாயில் தண்ணீர் வரும், வருகிற அன்று வீட்டில் ஒருவர் வேலைக்குப் போகாமல் குடங்களோடு நிற்க வேண்டும் என்கிற வாழ்க்கையைக் கோவில்பட்டிப் பெண்கள் நன்றாக அறிவார்கள். கடலைமிட்டாய்க்குப் பாகு காய்ச்சுவதிலிருந்து தீப்பெட்டி ஆபீஸில் வேலை முடித்து வந்து உலை வைப்பது வரை, அந்தக் குடத்தை நம்பித்தான். குதிரைவெட்டியில் நிற்கிற கோவில்பட்டிக்காரர் பார்ப்பது வெறும் இயற்கைக் காட்சி அல்ல. தன் வீட்டுக் குழாயின் மறுமுனையை அவர் பார்க்கிறார்.

எல்லா மலையும் இப்படித் தண்ணீர் கொடுத்துவிடாது. மொட்டைப் பாறையில் பெய்கிற மழை ஒரே நாளில் வெள்ளமாக ஓடிவிடும். இங்கே தென்மேற்குப் பருவம், வடகிழக்குப் பருவம் இரண்டும் பொழிகின்றன. ஊத்தும் நாலுமுக்கும் காக்காச்சியும் மாநிலத்தின் தினசரி மழைப் பட்டியலில் அடிக்கடி முதலிடத்தில் வருகிற பெயர்கள். அத்தனை மழையையும் இலையிலும் பாசியிலும் மட்கிலும் வேரிலும் வாங்கி வைத்து, பிறகு மாதக்கணக்கில் கசியவிடுவது சோலைக்காடு. காக்காச்சி சுற்றுவட்டாரக் காட்டில் தாவரவியலாளர்கள் பல்லாண்டுகளாக ஆய்வு செய்திருக்கிறார்கள். வெடிப்பலா, பாலி, அகிலை இன மரங்கள் ஓங்கிய பசுமைமாறாக் காடு இது. வெடிப்பலாவின் பூ அடிமரத்தையும் கிளையையும் ஒட்டிக் கொத்துக் கொத்தாகப் பூக்கும். வௌவால்களும் மற்ற பாலூட்டிகளும் அந்தப் பூவைத் தேடி வந்து மகரந்தத்தைக் கடத்துகின்றன. முள்மூடிய அந்தக் காய் சிங்கவால் குரங்குக்குப் பிடித்த உணவு. ஒரு மரத்தின் பூவையும் காயையும் நம்பி இத்தனை உயிர்கள் இருக்கின்றன. அந்த மரங்கள் பிடித்து வைக்கிற ஈரத்தை நம்பி, வெகுதூரம் தள்ளி ஒரு கரிசல் ஊர் இருக்கிறது.

மழை மலைக்கு மட்டும்தான் என்றும் இல்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. மாஞ்சோலையிலும் கோவில்பட்டியிலும் ஏறக்குறைய அரை மீட்டர் மழை. ஆண்டு முழுவதற்குமே குறைவான மழை பெறும் கரிசல் பூமியில் ஒரு நாளில் அவ்வளவு. கண்மாய்கள் உடைந்தன, ஊர்கள் தனித்தீவாயின. அந்த வெள்ளத்துக்குப் பிறகாவது மலையும் சமவெளியும் தனித்தனி என்று யாரும் பேசக்கூடாது.

இனி அந்தத் துப்பாக்கி.

1919 அக்டோபரில் சென்னை தேனாம்பேட்டையில் இருந்த நியூவிங்டன் விடுதிப் பள்ளியின் முதல்வர் கிளெமென்ட் டி லா ஹே, இரவில் தூக்கத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். வயதுக்கு வராத ஜமீன் வாரிசுகளைக் கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் பொறுப்பில் வைத்து, ஆங்கிலக் கல்வி கொடுத்து வளர்த்த பள்ளி அது. கொலைக்காகப் பிடிபட்டவர்கள் அங்கே படித்த இரண்டு இளம் வாரிசுகள். ஒருவர் கடம்பூர் ஜமீனைச் சேர்ந்தவர், இன்னொருவர் சிங்கம்பட்டி ஜமீனைச் சேர்ந்தவர். சென்னையில் நியாயமான விசாரணை கிடைக்காது என்ற வாதம் எழ, வழக்கு பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. சிங்கம்பட்டி இளைஞர் அப்ரூவர் ஆனார். கடம்பூர் இளைஞர் விடுதலையானார். அவர் தரப்பில் வாதாடியவர் டாக்டர் எஸ்.சுவாமிநாதன், பின்னாளில் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை ஏற்ற கேப்டன் லட்சுமியின் தந்தை. வெள்ளைக்காரர் கொலையில் இந்தியப் பையனைக் காப்பாற்றிய வக்கீல் என்பதால் சென்னையின் ஆங்கிலேய வட்டாரம் அந்தக் குடும்பத்தைப் பகைத்துக்கொண்டது என்பதை லட்சுமியே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

குதிரைவெட்டிக்கும் இதற்கும் என்ன தொடர்பு? மணிமுத்தாற்றுக்கு மேலே இருக்கிற மலைக்காடு முழுவதும் அன்று சிங்கம்பட்டி ஜமீனுக்குச் சொந்தம். வழக்குச் செலவு ஜமீனைக் கடனில் தள்ளியது, அந்தக் கடனை அடைக்கத்தான் காடு குத்தகைக்குப் போனது என்பது இந்த வட்டாரத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. ஆவணத்தில் இருப்பது இது: 1929 பிப்ரவரியில் சுமார் 8,374 ஏக்கர் வனம் 99 ஆண்டுக் குத்தகைக்கு பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனிடம் ஒப்படைக்கப்பட்டது. 1863-ல் தொடங்கிய நிறுவனம். பர்மாவில் தேக்கு வெட்டிய அதற்கும் மன்னர் திபாவுக்கும் மூண்ட தகராறைக் காரணம் காட்டித்தான் 1885-ல் ஆங்கிலேயர் மேல் பர்மா மீது படையெடுத்தார்கள். ஒரு நாட்டின் முடியாட்சி முடிந்ததற்குச் சாக்காக அமைந்த நிறுவனம், தாமிரபரணியின் தலைமாட்டில் வந்து தேயிலை நட்டது.

காட்டை வெட்டித் தேயிலை நட்டவர்கள் யார்? கீழே சமவெளியில் நிலமில்லாமல் இருந்தவர்கள். திருநெல்வேலிச் சீமை ஊர்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் கங்காணிகள் அழைத்து வந்த குடும்பங்கள். அட்டைக்கடியிலும் குளிரிலும் மலேரியாவிலும் முதல் தலைமுறை என்ன பாடுபட்டிருக்கும் என்பதை அந்தச் சரிவில் ஒருமுறை நடந்தால் ஊகிக்கலாம். லைன் வீடுகளில் மூன்றாவது, நான்காவது தலைமுறைகள் பிறந்தன. கோயிலும் சர்ச்சும் பள்ளிக்கூடமும் வந்தன. 1952-ல் ஜமீன் ஒழிப்பில் சிங்கம்பட்டிக் காடு அரசுக்கு வந்த பிறகும் குத்தகை தொடர்ந்தது.

தாமிரபரணியும் இந்த மக்களும் மீண்டும் சந்தித்த நாள் 1999 ஜூலை 23. கூலி உயர்வு கேட்டும், சிறையில் அடைக்கப்பட்ட தோட்டத் தொழிலாளர்களை விடுவிக்கக் கோரியும் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தை நோக்கிப் போன ஊர்வலத்தில் போலீஸ் தடியடி நடத்தியது. தப்பிக்க ஆற்றுக்குள் இறங்கியவர்களில் பலர் திரும்பவில்லை. பெண்களும் ஒரு கைக்குழந்தையும் உட்பட 17 பேர் இறந்தார்கள். மாஞ்சோலை மலையிலிருந்து இறங்கி வரும் தண்ணீரிலேயே அந்த உயிர்கள் போயின. ஒவ்வொரு ஜூலை 23-லும் கொக்கிரகுளம் ஆற்றங்கரையில் மலர் தூவி அஞ்சலி செலுத்துகிறார்கள். குதிரைவெட்டியின் அழகைப் பற்றி எழுதும்போது இந்தத் தேதியைத் தவிர்ப்பது நேர்மையாகாது.

இதற்கிடையே இந்தக் காட்டுக்கான சட்டப் பாதுகாப்பும் கூடிக்கொண்டே வந்தது. 1962-ல் முண்டந்துறை புலிகள் சரணாலயமாகியிருந்தது. 1976-ல் களக்காடும் சரணாலயமானது. 1988-ல் இரண்டையும் சேர்த்துத் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. 2016-ல் அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. சிங்கம்பட்டி ஜமீன் காட்டை 2018-ல் அரசு காப்புக்காடாக அறிவித்தது. குத்தகை 2028-ல் முடிய வேண்டும். அதற்கு முன்பே 2024-ல் பம்பாய் பர்மா நிறுவனம் தேயிலை உற்பத்தியை நிறுத்தி, தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வுத் திட்டத்தை முன்வைத்தது. அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீயே தோட்டத்தை ஏற்று நடத்த வேண்டும் என்று கோரிய வழக்குகளை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2024 டிசம்பரில் ஏற்கவில்லை. மறுவாழ்வு உதவிகளை அரசு நிறைவேற்ற வேண்டும் என்றது.

கொழுந்து கிள்ளுவதை நிறுத்தினால், கவாத்து செய்வதை விட்டால், தேயிலை இடுப்பளவில் நிற்காது. அது மரமாக வளரக்கூடிய செடி. ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு அந்தச் சரிவுகளைக் காடு மெல்லத் திரும்பக் கேட்கிறது. வனவிலங்குக்கு இது நல்ல செய்திதான். யானைக்கு வழி திறக்கும். 2023 ஜூனில் தேனியிலிருந்து பிடித்து வந்து மேல் கோதையாற்றில் விடப்பட்ட அரிக்கொம்பன் யானை, அதே செப்டம்பரில் நாலுமுக்கு, ஊத்து குடியிருப்புகளுக்குள் வந்து நின்றது பலருக்கு நினைவிருக்கும். காடு விரிவதை வரவேற்கலாம். ஆனால் தேயிலைச் செடியை விட்டால் வேறு தொழில் தெரியாத ஐம்பது வயதுப் பெண்ணை, அவர் பிறந்த வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கீழே இறக்கிவிட்டு, காடு காப்பாற்றப்பட்டது என்று கணக்கை முடித்துவிட முடியாது. கீழே வீட்டுமனையும் வீடும் கிடைப்பது தொடக்கம் மட்டுமே. வேலை?

இந்த இடத்தில் நியூயார்க் நகரத்தைக் கொஞ்சம் பார்க்கலாம். அந்த மாநகரத்தின் குடிநீரில் பெரும்பகுதி கேட்ஸ்கில் மலைக்காடுகளிலிருந்து வருகிறது. 1990-களில் தண்ணீரைச் சுத்திகரிக்கப் பல நூறு கோடி டாலர் செலவில் ஆலை கட்ட வேண்டிய நிலை வந்தது. நகரம் வேறு வழியைத் தேர்ந்தெடுத்தது. 1997-ல் மலையூர்களோடு ஒப்பந்தம் போட்டது. காட்டையும் ஓடைக்கரையையும் காப்பாற்ற மலையில் பணத்தைப் போட்டது. விவசாயிகளுக்கும் உள்ளூர்க்காரர்களுக்கும் அதில் பங்கு கொடுத்தது. ஆலை கட்டுவதைவிட அது மிக மிகக் குறைந்த செலவு. தண்ணீர் குடிக்கிற ஊர், தண்ணீர் பிறக்கிற மலைக்குக் கடன்பட்டிருக்கிறது என்பதை எழுத்துப்பூர்வமாக ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது.

அந்த ஒப்புதல் இங்கேயும் வேண்டும். தாமிரபரணித் தண்ணீரைக் குழாயில் கொண்டுபோகிற நகராட்சிகள், மாநகராட்சிகள், ஆலைகள் எல்லாம் மலைக்கென்று ஒரு பங்கு ஒதுக்கினால், மாஞ்சோலைக் குடும்பங்களில் விருப்பமுள்ளவர்களுக்குக் காடு சார்ந்த வேலை கொடுக்க முடியும். அயல் களைச்செடிகளை அகற்றவும், சோலை மரங்களின் நாற்று வளர்க்கவும், பார்வையாளர்களுக்கு வழிகாட்டவும், பிளாஸ்டிக்கைச் சோதனைச்சாவடியிலேயே தடுக்கவும் அவர்களைவிடத் தகுதியானவர்கள் யார்? எந்த வளைவில் யானை நிற்கும், எந்த மாதம் எந்த ஓடை பெருகும் என்று அறிந்தவர்கள் அவர்கள். அந்த அறிவைக் கீழே இறக்கிக் கட்டட வேலைக்கு அனுப்புவது காட்டுக்கும் நட்டம்.

காட்சிமுனைக்குக் கூட்டத்தைத் திறந்துவிட வேண்டும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. கொடைக்கானலின் பாறைமுனைகளில் வாகன நெரிசலும் கடைவரிசையும் என்ன செய்தன என்று தமிழ்நாடு பார்த்திருக்கிறது. மாஞ்சோலைப் பாதை குறுகலானது, ஒருபக்கம் பள்ளம். வனத்துறை நாளுக்கு இத்தனை வண்டி என்று கட்டுப்பாடு வைத்திருப்பது சரியானது. அது தளரக் கூடாது. கூட்டம் குறைவாக இருந்தால்தான் முனையில் நிற்கிறவருக்குக் கீழே ஓடுகிற ஓடையின் சத்தம் கேட்கும், இருவாட்சி பறந்தால் சிறகோசை காதில் விழும். அதே வேளை அந்தக் கொஞ்ச இடத்தில் யாருக்கு முன்னுரிமை என்ற கேள்வி உண்டு. கடம்பூர், கயத்தாறு, கோவில்பட்டி, விளாத்திகுளம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆண்டில் சில நாட்களை ஒதுக்கலாம். குழாயடியில் குடம் வைத்து வளர்கிற பிள்ளைகள் அந்தத் தண்ணீர் எங்கே பிறக்கிறது என்று பார்க்கட்டும். அறிவியல் பாடத்தில் நீர்ச்சுழற்சிப் படம் வரைவதைவிட அது ஆழமாகப் பதியும்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில செய்திகள். கடம்பூரிலிருந்து ரயிலிலோ பஸ்ஸிலோ திருநெல்வேலி வந்து, சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி வழியாக மணிமுத்தாறு போக வேண்டும். மலைக்கு அரசு பஸ் போகிறது. சொந்த வண்டி என்றால் வனத்துறை அனுமதி கட்டாயம். மழை, வெள்ள எச்சரிக்கை, யானை நடமாட்டம் இருந்தால் பாதையை மூடிவிடுவார்கள். விதிமுறைகளும் அவ்வப்போது மாறுகின்றன. ஆகவே அம்பாசமுத்திரத்தில் உள்ள புலிகள் காப்பகத் துணை இயக்குநர் அலுவலகத்தில் விசாரித்துவிட்டுக் கிளம்புவது நல்லது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரலும் மூடுபனியும் முனையை மறைத்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் கனமழை, பாதையில் மண்சரிவு. தை பிறந்த பிறகு பங்குனி வரை காட்சி தெளிவாக இருக்கும். அப்போதும் காலையில் போய்விட வேண்டும். வெயில் ஏறினால் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் எழும்பி, சிறிது நேரத்தில் அணைகளை மூடிவிடும். தடுப்பைத் தாண்டிப் பாறை விளிம்பில் நின்று படம் எடுக்க முயலக் கூடாது. பாசி படிந்த பாறையில் கால் நிற்காது. மேலே கடைகள் குறைவு என்பதால் சாப்பாடும் தண்ணீரும் கையோடு கொண்டுபோக வேண்டும். கடம்பூர்ப் போளி ஒரு பொட்டலம் தாராளமாகப் போதும். சுற்றிய தாளும் பாட்டிலும் கட்டாயம் அதே பையில் கீழே வந்தாக வேண்டும்.

மாஞ்சோலையில் இன்னும் சில குடும்பங்கள் இருக்கக்கூடும். பஸ் நிற்கும் இடத்தில் அவர்களோடு நின்று பேசுங்கள். 2028-க்குப் பிறகு அந்தப் பாதையில் யார் இருப்பார்கள், என்ன வேலை செய்வார்கள் என்பதை அரசு இப்போதே எழுத்தில் சொல்ல வேண்டும் என்று கேட்கும் உரிமை அவர்களுக்கு இருக்கிறது. சீவலப்பேரிக் குழாயில் தண்ணீர் பிடிக்கிற கரிசல் ஊர்களுக்கும் இருக்கிறது.